வெள்ளை அட்டையில் பத்தொன்பது பெயர்கள்

என் பேத்தியின் கல்லூரி வேலை ஒன்றைக் கெடுத்தவன் நான். அந்தப் பழியை அச்சகக்காரர் மேல் போட்டவனும் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதுவது எளிதாக இருக்கும்.

மகள் வயிற்றுப் பேத்தி. சேலத்தில் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். கடைசி ஆண்டில் நவீன ஓவிய இயக்கங்கள் நான்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பாணியிலும் ஒரு வேலை செய்து நடுவர்களுக்குக் காட்ட வேண்டும். நன்றாகச் செய்தால் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு அனுப்ப ஆசிரியை கடிதம் தருவார். ஒரே ஒருவருக்குத்தான் கடிதம். அந்தக் கடிதம் தனக்கே கிடைக்க வேண்டும் என்பது தவிர, மூன்று மாதமாக அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

முதல் வேலை கியூபிசம். என் முகத்தை வரைந்திருந்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருந்தன. மூக்கைத் தேடினேன். காதுக்குக் கீழே கிடைத்தது. இரண்டாவது பாப் ஆர்ட். ஓர் அட்டை நிறைய முட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மருமகன், அவள் அப்பா, அதைக் கவலையோடு பார்த்துவிட்டு, "இந்த ஊதாக் கலரு எந்த நோய்க்குங்க வரும்?" என்று என்னைக் கேட்டார். மூன்றாவது, என் காலி மாத்திரைப் பட்டைகளை ஒட்டிச் செய்தது. டாடாயிசம் என்றாள். ஒரு பட்டை முழுக்கக் காலியாகவில்லை. படைப்பிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து விழுங்கினேன். அதற்கே ஒரு நாள் பேசாமல் இருந்தாள்.

நான்காவதுதான் முக்கியமானது. மினிமலிசம், முடிந்தவரை குறைத்துக் காட்டும் பாணி. அது சும்மா சுவரில் தொங்கக் கூடாது, உண்மையாகவே மக்கள் கைக்குப் போக வேண்டும். வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பதிவு செய்து காட்ட வேண்டும். அப்போது மகள் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டி முடித்திருந்தாள். புதுமனை புகுவிழா அழைப்பிதழையே பேத்தி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளை அட்டை. கீழ் மூலையில் சிவப்பாக ஒரு சிறு சதுரம். அதுதான் வீடாம். அதன் பக்கத்தில், "வீடு கட்டியிருக்கிறோம். வாருங்கள்." பிறகு நாள், நேரம், இடம், அவள் அப்பா அம்மா பெயர். அவ்வளவுதான். மீதி எல்லாம் வெள்ளை.

நான் சரித்திரம் படித்து, சரித்திரம் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ரஷ்யப் புரட்சியை மணிக்கணக்கில் நடத்தியிருக்கிறேன். அதே காலத்தில் அங்கே வெறும் சதுரத்தை வரைந்து பேர் வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பது அவள் சொல்லித்தான் தெரியும். தெரிந்தும் புத்தி வரவில்லை.

அச்சுக்குப் போகும் நாளில் அவளுக்குத் தேர்வு. அஸ்தம்பட்டி அச்சகத்துக்கு என்னை அனுப்பினாள்.

"எழுத்துப்பிழை மட்டும் பாருங்க அப்புச்சி. வேற எதையும் தொட்டுறாதீங்க."

"நான் ஏங் கண்ணு தொடறேன்?"

அச்சகக்காரர் என்னிடம் படித்தவர். கணினித் திரையில் அட்டையைக் காட்டினார். பிழை இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தபோது கைபேசி அடித்தது. சங்ககிரியிலிருந்து என் மனைவியின் தம்பி. நான்கு லாரிக்கு முதலாளி.

"ஏனுங்க மச்சான், பத்திரிக அடிச்சாச்சுங்களா? எம்பட பேரு எங்க வருது?"

என் மகளுக்கு அவன் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லையென்றால் அது மறதி ஆகாது, உறவு அறுந்ததற்கு அறிவிப்பு. "அதெல்லாம் இருக்குது மாப்ள" என்று வைத்துவிட்டேன்.

ஒரு பெயர்தானே என்று சொன்னேன். அச்சகக்காரர் தயங்கினார்.

"ஐயா, பாப்பா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க. அந்த வெள்ளதானுங்களாம் டிசைனு."

"நான் பேசிக்கறேன். நீ போடப்பா."

ஒரு பெயர் ஏறியதும் அது தனியாக நின்றது. தாய்மாமன் இருக்க என் அண்ணன் இல்லாமல் எப்படி? அண்ணன் வந்தால் மருமகனின் பெரியப்பாக்கள் இரண்டு பேரும் வர வேண்டும். சம்பந்தி வீட்டார் பின்னால் வரிசையாக வந்தார்கள். மொத்தம் பத்தொன்பது பெயர்கள். உச்சியில் பிள்ளையார். சிவப்புச் சதுரம் மட்டும் சும்மா கிடந்தது. அதற்குள் குலதெய்வத்தின் படத்தை வைக்கச் சொன்னேன்.

"பாப்பா அழுவுமுங்க ஐயா" என்றார் அவர். வைத்தார்.

மறுநாள் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. பேத்தி ஒன்றை உருவிப் பார்த்தாள். அழவில்லை. "யாரு பண்ணுனது?" என்றாள். அந்தக் குரலை நான் என் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றது அதுவே முதல் தடவை.

"அச்சாபீஸ்ல பழக்கதோசத்துல அடிச்சுட்டாப்ல இருக்குது."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலைந்து வாடிக்கையாளர் முன்னால் அச்சகக்காரரைக் கண்டபடி கேட்டிருக்கிறாள். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "தப்பு நடந்து போச்சுங்க பாப்பா" என்றாராம். இதை அவளே வந்து கோபத்தோடு சொன்னாள். நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுபடி அடிக்க நாள் இல்லை. மகள் அதற்குள் மஞ்சள் தடவிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் பேத்தி கைபேசியோடு வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தாள். யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. தங்கள் பெயரைப் பார்த்தார்கள், பிறகு அதற்கு மேலே இருக்கும் பெயரைப் பார்த்தார்கள். சங்ககிரியில் என் மச்சினன் கேமராவைப் பார்த்தே பேசியிருந்தான்: "நாலாவதா போட்டிருக்குதுங்க. தாய்மாமன் பேரு மொதல்ல வரோணும். இதுக்குப் போடாமயே உட்டிருக்கலாம்."

நடுவர்கள் வரும் நாள் காலையில் அவள் விளக்க அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். "அச்சகத்தின் தவறால் வடிவமைப்பு மாறியது" என்று எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த மனிதரின் தவறு கல்லூரிப் பதிவில் ஏறிவிடும். செருப்பை மாட்டப்போனவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். "ஒரு வாரமா அவர நான் திருடன் மாதிரி பேசிட்டிருக்கறேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா சாமி."

"வண்டில ஏறுங்க."

நடுவர்கள் மூன்று பேர். அவள் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு என்னைக் காட்டினாள். நடுவில் இருந்த அம்மையார், "காலியா இருந்தா உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டார்.

"யாரையோ கூப்பிடாம உட்டுட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு பேத்தியைப் பார்த்தார். "அச்சகத் தவறுன்னா மன்னிச்சிருப்போம். இவரு கிளையன்ட். இவரச் சமாளிக்கத்தான் மூணு வருசமா படிக்கறீங்க." மதிப்பெண் குறைந்தது. கடிதம் வேறொரு மாணவிக்குப் போயிற்று.

அங்கிருந்து நேராக அச்சகத்துக்குப் போனோம். கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து, எல்லோர் காதிலும் விழும்படி நான்தான் செய்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கய்யா, போவட்டும்" என்றார் அவர். பேத்தி விடவில்லை. "நீங்க ஏங்க அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டாள்.

"ஐயா முன்னாடி எனக்கு இன்னும் வாய் வராதுங்க பாப்பா."

அவள் அதற்குச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெங்களூருக்கு அடுத்த ஆண்டு அவளே விண்ணப்பிக்கப் போகிறாளாம். அதற்கான புதிய வேலைகளை எனக்கும் காட்டுகிறாள். ஆனால் கணினியைத் திறக்கும் முன் ஒரு நிபந்தனை உண்டு.

"கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க அப்புச்சி."

கட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன்.