ஃபிரீசரில் இருந்த கறுப்புக் கவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்து. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் ஃபிரீசரைத் திறந்து, தோசைக் கரண்டியின் காம்பால் பனியைக் குத்திக்கொண்டிருந்தார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பனி விட்டுவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

எங்கள் லைன் வீடுகளில் ஃபிரிட்ஜைத் திறக்க யாரும் யாரிடமும் கேட்பதில்லை. தங்கச் சுரங்கக் காலத்துத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதிலிருந்து அவர் வாங்கும் மாட்டுக்கறி எங்கள் ஃபிரீசரில்தான் இருக்கும். ஆண்டர்சன்பேட்டையில் கறியைக் கறுப்புக் கவரில் சுற்றித்தான் தருவார்கள். ஃபிரீசரில் கறுப்புக் கவர் கிடந்தால் அது அக்காவுடையது. நான் அதைத் தொட்டதே இல்லை.

இதை என் மகன் நன்றாகக் கவனித்து வைத்திருக்கிறான். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய்வரும் இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, தன் பாட்டில்களையும் ஒரு கறுப்புக் கவரில் கட்டி, அடியில் செருகிவிட்டான். அம்மா தொடமாட்டாள் என்று தெரியும். அக்கா தொடுவார் என்பதை அவன் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தும் பொருட்படுத்தவில்லை.

அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எல்லாம் உருகி, மறுபடி ஒன்றாக உறைந்து கிடந்தது.

“இன்னா டீச்சரு, பாறை மாதிரி கீது. இத எடுக்கணும்னா சொரங்கத்துக் கேஜுல எறங்கி வெடி வெக்கணும் போல” என்று சிரித்தார் அக்கா. பெயர்த்தெடுத்த கவரை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்தார். விரலில் ரத்தம். கை முழுக்க வழவழவென்று ஏதோ ஒழுகியது.

“இன்னா இது, கண்ணாடி? எண்ணெ மாதிரி வேற கீது.”

எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னப் பழுப்பு பாட்டில்கள். ஒன்று உடைந்திருந்தது. இருமல் மருந்தாக இருக்கும் என்றேன். இருமல் மருந்தை யாராவது ஃபிரீசரில் வைப்பார்களா? பி.எட். படித்தவள் நான், அந்த நேரத்தில் அப்படித்தான் சொன்னேன். அக்கா குழாயில் கையை அலசிவிட்டு, தன் கவரைத் தேடி எடுத்துக்கொண்டு, என்னோடு பேசிக்கொண்டே நின்றார். மடியில் சேலை நனைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. “தல சுத்துது டீச்சரு” என்றவர் அங்கேயே வாந்தி எடுத்தார். கை நடுங்கியது. வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது. பிரஷர் என்று நினைத்து ஆட்டோவில் ஏற்றினேன்.

நர்சிங் ஹோம் டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பூச்சிமருந்து ஏதாவது தொட்டாங்களா?” என்று கேட்டார். பாட்டிலைச் சொன்னேன். என்ன பாட்டில் என்றார். தெரியவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் என் மகன்தான். கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். மகனுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

“டேய், கறுப்புக் கவர்ல இன்னா வெச்சிருக்க?”

“யாரு தொறந்தது?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. பெரியம்மா மயங்கிக் கெடக்கறாங்க.”

“அது வெறும் கிளிசரின்மா. கேக்குலகூடப் போடுவாங்க.”

“கேக்குல போடறத இன்னாத்துக்குடா ஒளிச்சி வெச்ச?”

“சும்மாதான்மா…” என்று இழுத்தான். நான் பெற்று வளர்த்த குரல், ஒரு மனுஷி உயிருக்குத் துடிக்கும்போது, எவ்வளவு சொன்னால் போதும் என்று கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. டாக்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “தம்பி, நான் போலீஸ் இல்ல. நீ சொல்லலன்னா இந்த அம்மா செத்துடுவாங்க. இப்ப சொல்லு.”

அப்போதுதான் சொன்னான். நிகோடின். தண்ணீர் கலக்காத, கெட்டியான நிகோடின்.

டாக்டர் போனைக் கட்டிலில் எறிந்தார். “சேலைய அவுருங்க! தோல் வழியா இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கு.” நர்ஸ்கள் ஈரச்சேலையை உருவினார்கள். மடி, தொடை, கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அந்தச் சேலை அதுவரை அக்காவின் உடம்பிலேயே இருந்தது. கிளிசரின் என்று அவன் சொன்ன நேரத்திலும் இருந்தது.

மற்றதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. வேப் என்ற மின்சிகரெட்டை விற்பதைத் தடை செய்த பிறகு, அதில் ஊற்றிப் புகைக்கும் நிகோடினைக் கிடைக்கும்போதே மொத்தமாக யார் மூலமோ வாங்கியிருக்கிறான். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் பழுப்பாகிவிடுமாம். கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி ஃபிரீசரில் வைத்தால் வருஷக்கணக்கில் நிற்குமாம். கலப்பதற்கான கிளிசரின் கேன்கள் அவன் பீரோவில் சட்டைகளுக்குப் பின்னால் இருந்தன. அவற்றுக்குக் குளிர் வேண்டாமாம். அவ்வளவு பக்குவம் தெரிந்தவனுக்கு, பாட்டிலின் மேல் ‘விஷம்’ என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை. இந்த ஊரில், தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைட் மண் மேட்டைப் பார்த்து வளர்ந்தவன் அவன். காற்றடித்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லித்தான் வளர்த்தேன்.

இன்றும் ஃபிரீசரைத் திறக்கும்போது என் கை தானாகப் பின்வாங்குகிறது. மாவை எடுக்கக் கையுறை போடுகிறேன். இதை எழுதும்போதும் அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தக் கட்டிலருகே நின்றவர்கள் அல்ல.

மத்தியானம் தாண்டி வாந்தி நின்றது. நாடி சீரானது என்றார் டாக்டர். அக்கா கண் திறந்து, ஆஸ்பத்திரி கவுனைத் தடவிப் பார்த்து, “என் சேலையை இன்னா பண்ணீங்க? புதுசு அது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன்.

நாலு மணிக்கு மேல் மகன் வந்தான். பங்காருபேட்டையில் நண்பன் வீட்டில் இருந்தானாம். பைக்கில் அரை மணி நேர வழி; அதற்கு இவ்வளவு நேரம். என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். அக்கா அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “வாப்பா, சாப்ட்டியா?” என்றார்.

மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன்.

“அது எங்க வீட்டு ஃபிரிட்ஜ், பெரியம்மா” என்றான். “கேக்காம ஏன் தொறந்தீங்க?”