நல்ல நேரத்தில் மாற்றிய முகவரி

இணையதளம் பராமரிக்கிறவனுக்கு, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்ல யாரும் போன் செய்ய மாட்டார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்டர் தட்டவும் முகூர்த்தம்

காஞ்சிபுரத்தில் தேவகி அக்காவும் அவருடைய கொழுந்தனாரும் சேர்ந்து நடத்திய பட்டுக்கடை சண்டையில் இரண்டானது. தளத்தின் பெயர் அக்கா பங்குக்கு வந்தது. அந்தப் பெயரைத் தட்டினால் போய்ச் சேரும் பழைய சர்வர் கொழுந்தனார் பங்குக்குப் போனது. பெயரை அக்காவின் புது சர்வருக்குத் திருப்பிவிடுவது என் வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீட்டார், அன்றைக்கே தளத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகக் கடைக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் எண் அக்காவிடம் இல்லை. தனிக்கடைக்கு அதுதான் முதல் கல்யாண ஆர்டர். எட்டு மணிக்கே தயாராக இருந்த என்னை, ஒன்பதேகாலுக்குத்தான் நல்ல நேரம் என்று உட்கார வைத்துவிட்டார்.

"இதுவும் கடை தொறக்கற மாதிரிதானேபா, கொஞ்சம் பொறு."

கறுப்புத் திரையில் ஓர் எண்

ஒன்பதேகாலுக்கு முகவரியை மாற்றியும், பதினோரு மணிக்கு அக்காவின் போனில் பழைய தளமே வந்தது, கீழே கொழுந்தனாரின் எண்ணோடு. கறுப்புத் திரையைத் திறந்து, பெயர் எந்த முகவரிக்குப் போகிறது என்று கேட்கும் 'டிக்' கட்டளையைத் தட்டினேன். பெயருக்குப் பொறுப்பான சர்வர் புது முகவரியைச் சொன்னது. ஊர் உலகமெல்லாம் விசாரிக்கிற பொது சர்வரோ பழையதைச் சொன்னது. பக்கத்தில், இன்னும் எத்தனை நொடி அதை ஞாபகம் வைத்திருக்கும் என்ற கணக்கு. எழுபதாயிரம். அதாவது மறுநாள் காலை வரை.

முந்தின நாளே அந்தக் கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்திருக்க வேண்டும். காலண்டர் பார்த்த கூத்தில் மறந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொழுந்தனாரிடம் சொல்லி அவர் தளத்தில் ஒரு அறிவிப்பு போடச் சொல்லலாமே என்றேன். செத்தாலும் கேட்க மாட்டேன் என்றார் அக்கா.

"நல்ல நேரத்துல மாத்திட்டு, ராகு காலத்துல அவருக்கு வியாபாரம் புடிச்சிக் குடுத்துக்கினு இருக்கோமா?"

கோயம்புத்தூர் அழைப்பு

மூன்று மணிக்கு அக்காவின் போன் அடித்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா. தளத்தில் இருந்த எண்ணுக்குத்தான் முதலில் பேசினாராம். "அங்க எடுத்தவருதானுங்க, இது எங்க அண்ணி கடைக்கு வந்த போனுன்னு சொல்லி உங்க நம்பரைக் குடுத்தாரு" என்றார்.

அக்கா புடவைகளைப் பற்றி நிதானமாகத்தான் பேசினார். வைத்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தத் தொடங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அவர் நம்பரை அன்னிக்கே அழிச்சிட்டேன்பா, மனசுலேர்ந்துதான் போவ மாட்டேங்குது."

பழைய முகவரியை மறக்காமல் வைத்திருப்பது கோளாறு என்றுதான் அதுவரை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.