டெல்ஃப்டில் மச்சாளும் கைப்பிரேக் இல்லாத சைக்கிளும்

பேத்தி அடுத்த மாதம் சிநேகிதிகளோடு ஒல்லாந்துக்குப் போகிறாளாம். "அம்மம்மா, நீங்கள் போனனீங்கள்தானே, அங்கை என்ன பாக்கலாம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே போகப்போகும் மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கண்டது எதுவும் மறக்காது. எனக்குச் செய்தது அதைவிட மறக்காது.

போனது 1993 மே மாதம். இவர் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். புறப்பட நாலு நாள் இருக்க, இவருக்கு ஷிப்ட் மாற்றித் தர மாட்டோம் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். டிக்கெட் வீணாகக் கூடாதென்று, இல்ஃபோர்டில் இருந்த தன் தங்கையை, அதாவது என் மச்சாள் மனோகரியை, என்னோடு அனுப்பினார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அது வேறு கணக்கு.

மச்சாளோடு நான் தேவைக்கு மட்டும்தான் கதைப்பேன். காரணம் ஒரு சைக்கிள். 1971இல் கலியாணம் முடித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, நான் என்னுடைய சைக்கிளோடுதான் போனேன். இரண்டாம் கிழமையே, நான் சந்தை றோட்டில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓடுகிறேன் என்று யாரோ மாமாவிடம், இவருடைய அப்பாவிடம், சொல்லிவிட்டார்கள். மாமா சைக்கிளைக் கயிறு போட்டு மாட்டுக்கொட்டில் கூரை வளையில் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறவே இல்லை. சொன்ன ஆள் யார் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒல்லாந்து என்றதும் எனக்கு இருந்தது ஒரே ஆசை: ஒரு நாளாவது யாரும் மறிக்காமல் சைக்கிள் ஓட வேண்டும்.

புதன்கிழமை காலை 5.50க்கு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனோர் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி ஹாரிச் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் ஏழு மணித்தியாலம். நான் கட்டிக்கொண்டு போன இடியப்பத்திலும் சம்பலிலும் பாதிக்கு மேல் தின்றது மச்சாள்தான். தின்றுவிட்டு உப்புக் குறைவு என்றாள். ஹூக் ஆஃப் ஹாலண்டில் இறங்கி, இன்னும் இரண்டு ரயில் மாறி டெல்ஃப்டுக்குப் போய்ச் சேர இருட்டுப்பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரு அறை, காலைச் சாப்பாட்டோடு நாளுக்கு அந்தக் காலத்து ஒல்லாந்துக் காசில் 75 கில்டர்.

வியாழக்கிழமை ஊர் பார்த்தோம். வியாழன்தான் அங்கே சந்தை நாள். அதைப் பார்த்துப் போங்கள். சீஸ் கடையில் ஆறு விதம் வெட்டித் தின்னத் தந்தார்கள். வாங்காமல் நடந்தாலும் முகம் சுளிக்கவில்லை. பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் வாய்க்கால் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மச்சாள் அதன் கீழே நடக்க மறுத்து மற்றக் கரையால் சுற்றி வந்தாள். நம்முடைய நெடுந்தீவுக்கும் ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்றுதான் பெயர் வைத்தார்கள். இந்த ஊரைப் பார்த்த பிறகு, அவர்களுக்கு ஊர் நினைவு வந்திருக்கும் என்று விளங்கியது. ஒற்றுமை வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சைக்கிள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு மட்டும் ஒன்று வாடகைக்கு எடுத்தேன், நாளுக்கு எட்டு கில்டர். பிணையாக என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் கையைக் காலை ஆட்டி நெடுநேரம் இங்கிலீஷில் விளக்கினார்.

"என்னவாம்?" என்று மச்சாளைக் கேட்டேன்.

"ஆறு மணிக்கு முன்னம் கொண்டு வரட்டாம்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?"

"ஓம்."

முதல் பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க விரலை நீட்டினேன். கைப்பிடியில் பிரேக்கே இல்லை. முன்னால் வாய்க்கால். பயத்தில் கால் தன்பாட்டில் பின்னுக்கு மிதிக்க, சைக்கிள் குலுங்கி நின்றது. தண்ணீருக்கு இரண்டு முழம்தான் மிச்சம்.

மச்சாள் பஸ் தரிப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்னுக்கு மிதிச்சா நிக்குமாம், மச்சாள். சொல்ல மறந்து போனன்."

மறந்து போனாளாம்.

போனது ஸ்கிப்லாய்டன் என்ற கிராமத்துக்கு, ஏழு கிலோமீட்டர். அவள் பஸ்ஸில், நான் சைக்கிளில். ஒரு மேடு கிடையாது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் புல்வெளியும் மாடுகளும், தூரத்தில் ஒரு காற்றாலை. எழுபது வயதுக் கிழவிகள் மணியடித்துக்கொண்டு என்னை முந்திப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்கு நான் ராணி.

திரும்பும்போதுதான் வந்தது வினை. மச்சாள் பண்ணைக் கடையில் சீஸ் தெரிவுசெய்துகொண்டு நின்றதில் 4.45 பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். சைக்கிள் கடை ஆறுக்குப் பூட்டும், என் பாஸ்போர்ட் உள்ளே. மறுநாள் காலை கப்பல்.

"என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ, மச்சாள்" என்றாள்.

"அப்ப பின் கரியரிலை ஏறும்."

"ஆரும் பார்த்தா?"

"இங்கை ஆர் இருக்கினம், மாமாட்டப் போய்ச் சொல்ல?"

அவள் சீஸ் பையை அணைத்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "அண்டைக்கு அப்பாட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எனக்கும் ஓட ஆசை. அப்பா விடேல்லை. வந்த மருமகள் ஓடேக்கை எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"என்னட்டக் கேட்டிருந்தா நான் பழக்கியிருப்பன்."

"இப்ப பழக்குவீங்களோ?"

எனக்கு மூச்சு வாங்கியது. இன்னும் அழுத்தி மிதித்தேன். கடைவாசலில் இறங்கியபோது 5.50. பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

போகிறவர்களுக்கு: கில்டர் போய் இப்போது யூரோ. பிணைக்குப் பாஸ்போர்ட் கேட்டால் காசு கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். றோட்டோரச் சிவப்புத் தரை சைக்கிளுக்கு, அதில் நடக்காதீர்கள். பிரேக் கையிலா காலிலா என்று ஏறுமுன் நீங்களே கேளுங்கள்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியில் மச்சாளுக்குப் பழக்கினேன். மூன்றாம் ஞாயிறு சீட்டைப் பிடித்திருந்த கையை விட்டேன். நேரே, நன்றாகத்தான் ஓடினாள். பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கும் மறந்து போய்விட்டது. முன்னால் இருந்தது வாய்க்கால் இல்லை, வெறும் பற்றைப் புதர்தான்.