சுடாத கல்

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது உச்சி வெயில். புரட்டாசி மாதம்தான், ஆனாலும் கல்தரை கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். நானும் நந்தி மண்டபத்தில் ஒதுங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் கைகளைக் கூப்பியபடி நிதானமாகப் பிராகாரத்தைச் சுற்றி வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"சுடலையாங்க?"

"என்ன சுடுது? நல்லாத்தானே இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆண்டவன் அவர் காலைத் தாங்குகிறான் என்று நினைத்தேன்.

நோயின் முதல் அடையாளம் அதுதான். நாங்கள் அதை அருள் என்று எடுத்துக்கொண்டோம். சர்க்கரை நோயோடு கோயில் கோயிலாகப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்க மற்றவர்கள் ஏறிப்போகும் வண்டிக்கு நேரம் போட்டுக்கொடுத்தார். அவர் எங்கும் போனதில்லை. ஓய்வு பெற்றதும், "நம்ம வண்டி கிளம்புது சரோ" என்றார். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் டாக்ஸி ஓட்டும் வேலுவின் அம்பாசிடரை அமர்த்தினோம். மகாபலிபுரம், செஞ்சிக் கோட்டை, சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமேஸ்வரம் என்று போய்க் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்ப்பதாகத் திட்டம். எந்த ஊரில் சாப்பாடு, எந்த ஊரில் படுக்கை என்று எல்லாம் அவர் மனதில் அட்டவணையாக இருந்தது.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மாத்திரை போடுவார், வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. ஆனால் வழிநெடுகக் கோயில்களில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. பிரசாதம் உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்பது எங்கள் எண்ணம்.

திருச்சியில் லாட்ஜில் அவர் குளித்துவிட்டு வந்தபோது, தரையில் பதிந்த ஈரக் காலடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"என்னங்க இது?"

"குங்குமம் மிதிச்சிருப்பேன். சன்னிதி பூரா கொட்டிக் கிடந்துதே."

சரிதான் என்று தோன்றியது. குங்குமத்தைக் காலால் மிதிக்கக் கூடாதே என்று ஈரத்துணியால் அதைத் துடைத்து, துணியைத் தனியாக அலசி, தண்ணீரை ஜன்னலோரம் இருந்த துளசித் தொட்டியில் ஊற்றினேன். அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வலிக்காத காலை யார் பார்ப்பார்கள்?

மதுரையில் அவருக்குக் குளிர்ஜுரம் வந்தது. காருக்குள் ஒரு வாடை அடித்தது. வேலு இரண்டு முறை வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்த்தான். லாட்ஜில் அவரைப் படுக்கவைத்து வேட்டியை ஒதுக்கியபோதுதான் வலது உள்ளங்காலைப் பார்த்தேன். தோல் பையாக உரிந்து தொங்கியது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. தஞ்சாவூர்க் கல் சுட்ட சூட்டை அந்தக் கால் வாங்கியிருக்கிறது, அவருக்குத் தெரிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே ஒரு டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள், காலே போய்விடக்கூடும் என்றார். வெளியே வந்ததும் இவர், "ராமேஸ்வரம் வேணா விட்டுடலாம். கன்னியாகுமரி முடிச்சுட்டுத் திரும்பிடுவோம். புறப்பட்ட வண்டி கடைசி ஸ்டாப்புக்குப் போயாகணும்" என்றார்.

வேலு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். "இன்னா சார் நீ, கால் இப்டி கீது, சன் ரைஸ் பாக்கணும்ன்ற. மெட்ராஸ்லயும் சூரியன் உதிக்குது சார். ஏறு, போலாம்."

மதுரையிலிருந்து சென்னை வரை மழை. பின்சீட்டில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் ஒண்டியிருந்தேன். கண்ணாடியை இறக்கினால் சாரல், ஏற்றினால் வாடை. வரும்போது நின்று நின்று பார்த்த கோபுரங்கள் இப்போது கண்ணாடிக்கு வெளியே நனைந்தபடி பின்னால் போயின. என் மடியில் இருந்த கால் அடுப்புச் சட்டி போலச் சுட்டது. அதன் சொந்தக்காரருக்கு அது தெரியாது. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் அம்மா அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு நைலான் நரம்பை எடுத்து, "ஐயா, தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க" என்றார். இடது பாதத்தில் விரல் விரலாகத் தொட்டார், குதிகாலில் தொட்டார். அதுதான் நல்ல கால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இதற்கு நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்று பெயர். கண்ணுக்குப் பார்வை மங்குவதுபோலக் காலுக்கு உணர்ச்சி மங்கிக்கொண்டே போய், ஒரு நாள் இல்லாமல் போகிறதாம். வலது காலில் கேங்ரின் (சதை அழுகிச் சாவது) தொடங்கிவிட்டது. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அதன்பின் டிபிரைட்மென்ட் (செத்த சதையை வெட்டி நீக்குவது) பல தடவை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமா என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை. "சதை சிவப்பா வரணும். ரத்தம் கசியணும். பார்ப்போம்" என்பார்.

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் நான் அந்தச் சிவப்புக்காகக் கண்ணை விரித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளும் சாம்பலுமாகவே இருந்தது. கட்டைத் திரும்பச் சுற்றுவார்கள். அடுத்த கட்டு வரை எனக்கு மூச்சு பாதிதான் போய்வரும்.

அந்த நாட்களில் விடியற்காலையில் கபாலி கோயிலுக்கு ஓடி, கற்பகாம்பாள் முன்னால் நிற்பேன். சுகத்தைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அவருக்கு வலியைக் கொடு தாயே" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. வலி என்பது காவல்காரன் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் காவல்காரன் எப்போதோ போய்விட்டான். கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

தீபாவளி ஆஸ்பத்திரியில் கழிந்தது. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலை, கட்டைப் பிரித்த டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார். ஓரத்தில் மாதுளை முத்து போலப் பொடிப் பொடியாகச் சிவந்திருந்தது. பஞ்சால் தொட்டதும் ரத்தம் துளிர்த்தது.

"நல்லா வருதும்மா. கால் நின்னுடும்."

திருச்சியில் துடைத்த அதே சிவப்பு. நான் அழுததை, தி.நகரில் இருக்கும் என் மகள் கல்பனா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

தொடைத் தோலை எடுத்து உள்ளங்காலில் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலுவும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கொஞ்சம் எடை போட்டுக்கினியே சார்" என்று வேலு மூச்சு வாங்கினான். அவர் சிரிக்கவில்லை.

காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது உத்தரவு. மூன்று தலையணை மேல் கால், எதிரே ஜன்னல், ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதுதான் அவருக்கு உலகம். விடிந்தும் விடியாமல் பக்கத்து பஸ் டிப்போவிலிருந்து வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்கும். "இது லேட்டு" என்பார். அவருடைய வண்டி எதுவும் கிளம்பவில்லை.

நானும் அடைபட்டேன். காய் வாங்க மாடவீதிக்குப் போனால்கூடப் பாதிப் பேரத்தில் ஓடிவந்துவிடுவேன். நான் இல்லாத நேரத்தில் காலை ஊன்றிவிட்டால்? ஊன்றினால் அவருக்கே தெரியாதே.

ஒரு நாள் கத்தினார். "வண்டிய இப்படி ஷெட்லயே போட்டு வெச்சா துருப்பிடிச்சிடும்டி."

"துருப்பிடிக்கட்டும். சக்கரம் இருக்கில்ல."

தலையணை மேலிருந்த காலைப் பார்த்து, "இருக்கு" என்றார்.

மாசியில் புண் மூடியது. டாக்டர் அம்மா மிருதுவான ரப்பரில் வார் வைத்துத் தைத்த செருப்புக்கு எழுதிக்கொடுத்தார். வெறுங்காலில் இனி ஓர் அடியும் வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

"கோயிலுக்கு?" என்று இவர் கேட்டார்.

"நீங்க போனது போதும் ஐயா. இனிமே சாமி வரட்டும் உங்களைப் பார்க்க."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆட்டோவில் வீடு வரும்வரை அவர் அந்தச் செருப்புச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கால் பிழைத்துவிட்டது, ஆனால் அதை வைத்துக்கொண்டு போக நினைத்த இடத்துக்கு இனிப் போக முடியாது.

பங்குனியில் கபாலி கோயில் அறுபத்துமூவர் விழா வந்தது. நாயன்மார்களோடு சாமி மாடவீதியில் வரும் நாள். நானே சொன்னேன், "அவர் வராருங்க. நாம மாடி இறங்கினா போதும்." ஒவ்வொரு படியாக என் தோளைப் பிடித்து இறங்கினார். வேலு வீதிமுனை வரை கொண்டுவந்து விட்டான்.

வெயில் சாயாத நேரம். நீர்மோர்ப் பந்தல், விசிறி, தள்ளுமுள்ளு. நாங்கள் ஒரு கடை வாசலில் ஒண்டி நின்றோம். பல்லக்குகள் நெருங்கியதும் சுற்றியிருந்தவர்கள் செருப்பை உதறினார்கள். பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் இவரைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பெர்சு, சாமி வருது, செருப்பு மாட்டிக்கினு நிக்கிற? கயட்டு."

நான், "டாக்டர் உத்தரவும்மா" என்றேன்.

"சாமிக்கு முன்னால இன்னா டாக்டரு?"

அவர் முகம் சிறுத்துப்போனது. எனக்குத் தெரியும், அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். குனிந்து வாரில் கையை வைத்தார். என்னால் அவர் கையைப் பிடித்துத் தடுக்க முடியவில்லை. சாமி எதிரில் வருகிறது.

என் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் காலை வைத்தேன். சுரீர் என்றது.

"சுடுதுங்க."

குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். "ரொம்பவா?"

"ரொம்ப."

வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்த அம்மாள் அதற்குள் அவர் காலைப் பார்த்திருந்தாள். விரல் இல்லாத இடத்தையும் பார்த்தாள். "ஐய, நீ போட்டுக்க நைனா" என்று சொல்லி, கூடையிலிருந்து கொஞ்சம் உதிரிப்பூவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் செருப்போடு கும்பிட்டார். பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின. அவை முழுவதும் தாண்டிப் போகும்வரை நான் கால் மாற்றிக் கால் மாற்றி அந்தச் சூட்டிலேயே நின்றேன், அவருக்கும் சேர்த்து. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அன்று அவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.