உப்பு லாரியும் எங்கள் வீட்டு ரேடியோவும்

எங்கள் வீட்டு ரேடியோவுக்குச் சோறு போட்டது ஒரு உப்பு லாரி. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. என் வீட்டுக்காரர், எண்ணூர் உப்பளத்திலிருந்து வண்ணாரப்பேட்டை மண்டிக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர். சாயங்காலம் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றி, கோணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார். பேட்டரியில் ஓடுகிற பழைய ரேடியோ ஒன்றை எங்கிருந்தோ சல்லிசாகப் பிடித்து வைத்திருந்தார். காலையில் பேட்டரி திரும்ப வண்டிக்குப் போய்விடும். வண்டி ஓட ஓட அதில் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

இது லாரி முதலாளி பாய்க்கும் தெரியும். "காலீல வண்டி நின்னுபோச்சுன்னா பேஜாரு ஒனக்குத்தான்" என்பதோடு விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் போட்ட கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓடாத நாளில் ரேடியோவைத் தொடக் கூடாது. "வண்டி ஓடுனாத்தான் அதுக்குத் தீனி. ஓடாத அன்னிக்கி பாட்டு கேட்டன்னா வண்டியோட உசிரத்தான் உறிஞ்சிகினு கீற" என்பார். எனக்கு அது ஆகாது. ஆம்பளைகள் வெளியே போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், எனக்கு இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று சண்டை பிடிப்பேன். தெருவில் எனக்கு ராங்கி என்று பெயர், பொய்யில்லை. அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கிய கரண்டில் அரை வார்த்தை பாடிவிட்டுத்தான் அந்த ரேடியோ அடங்கும். அந்த அரை வார்த்தையைக்கூட விடமாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னைவிட மோசம். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி. ரொம்ப வருஷம் காத்திருந்து உண்டான முதல் பிள்ளை, நிறைமாதம். வந்து என் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ரேடியோ அணைகிறவரை எழுந்திருக்க மாட்டாள்.

அன்று ஆயுத பூஜை. லாரியைக் கழுவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து நிறுத்தியிருந்தார். மறுநாள்வரை அதை எடுக்கக் கூடாது. வீட்டிலிருந்த பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தண்டையார்பேட்டையில் ஒரு தோஸ்தைப் பார்க்கப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் ரேடியோவைப் போட்டேன். சிலோன் பாட்டு. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து சுவரில் சாய்ந்துவிட்டாள். மதியத்துக்கு மேல் குரல் தேயத் தொடங்கியது. அணைத்தோமா? காதைக் கிட்டே கொண்டுபோனோம்.

பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கீது. என்னால ஆவாது, ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்று கையை விரித்தாள். ஜட்காக்காரர்களுக்கும் அன்று பூஜை, ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் திரும்பியிருந்தார். பூஜையாவது ஒன்றாவது என்று மாலையைப் பிய்த்துப் போட்டார். கோணிகளைப் பரப்பி அவளை லாரியில் படுக்கவைத்தோம். பேட்டரியை மாட்டி ஹேண்டில் போட்டு முன்னால் நின்று சுற்றினார். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. மறுபடி மறுபடி சுற்றினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். "பாட்டு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ரேடியோ கேட்ட அத்தனை பேரும் வண்டியைத் தள்ளினோம். மணல் மூடிய ரோடு, நகரவே மாட்டேன் என்றது. உள்ளே அவள் அலறிக்கொண்டிருந்தாள். கடைசியில் ரோடு இறங்குகிற இடத்தில்தான் வண்டி உறுமிக் கிளம்பியது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. கூடப் போன மருத்துவச்சிதான் சொன்னாள்.

ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். தெருவில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து கேட்டவர்கள், எந்த வாயால் சொல்வார்கள்? யாராவது முகத்தில் காறித் துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்குப் போயிருந்தவள் திரும்பி வந்த அன்றே சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அதே சுவரில் சாய்ந்தாள். நான் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"இன்னாக்கா, ரேடியோ ரிப்பேரா?"

"இல்லடீ."

"அப்போ போடுக்கா. வூடு கம்முனு கீது. ஒண்டியா குந்திகினு இருக்க முடியல."

வேண்டாம் என்று சொல்வார் என நினைத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய்ப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அன்று வண்டி நாள் முழுக்க ஓடியிருந்தது. பரணிலிருந்து ரேடியோவை இறக்கி ஒயரை மாட்டிக் கொடுத்தார். நான் திருகினேன். வால்வு சூடேறிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவள் பேசினாள்.

"அன்னிக்கி நீ அணைக்கப் போனப்போ கைய புடிச்சு வேணாம்னது நான்தானக்கா. எம்புள்ளய நானே முழுங்கிட்டேன்."

அவள் கையைப் பிடித்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தது என்னிடம். அந்தக் கையை விலக்கிவிட்டு அணைத்திருக்க வேண்டியவள் நான். பேட்டரி சாகப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பழியையும் தானே எடுத்துக்கொண்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. பாட்டு வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.