தவமணிக்காகச் செய்த ஹோர்ன் ஸ்பீக்கர்

கொதிக்கும் தார்... அதோடு நனைந்த சாக்கின் வாசனை.

எழுபதுகளின் நடுவில், பசறைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பல நாட்கள் இந்த வாசனைதான். பாதை போடவில்லை. ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது நான் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்தால் ரேடியோவையோ அம்ப்ளிஃபயரையோ கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

மகள் கலா பிறந்த கொஞ்ச நாளில் மனைவி தவமணிக்கு நெஞ்சில் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த மருந்தின் வேகத்தில் காது பாதி போய்விட்டது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது.

"எல்லாரும் வாயில துணிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குங்க" என்பாள்.

கலா பேசத் தொடங்கியபோது தவமணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதுப் பிள்ளை ஓரிடத்தில் நின்றா பேசும்? ஓடிக்கொண்டே பேசும், சுவரைப் பார்த்துப் பேசும். தவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வருடத் தோட்டத் திருவிழாவில்தான் அது நடந்தது. மரத்தில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கரில் யாரோ அறிவித்தார்கள். தவமணி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏதோ புள்ளயக் காணோமாம்ங்க. மஞ்சச் சட்டையாம்."

அவள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வாயசைவைப் பார்க்க வழியே இல்லை.

வீட்டில் நான் செய்து வைத்திருந்த ஸ்பீக்கரில் காகிதக் கோன். பாட்டு இதமாக இருக்கும், ஆனால் அவளுக்கு அது வெறும் முனகல். புனலில் அப்படியில்லை. அதன் பின்னால் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவரில் ஒரு மெல்லிய தகடு அதிரும். அந்த அதிர்வை ஹோர்ன் என்கிற அந்தப் புனல் குவித்து முன்னே தள்ளும். சொற்களின் கூர்மை மழுங்காமல் வரும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. பதுளை பஜாரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் சலீமிடம் பழைய டிரைவர்கள் இரண்டு இருந்தன. ஒன்று சினிமா கொட்டகையில் கழற்றியது, அம்மிக்குழவி கனம். மற்றது கூட்டங்களுக்குக் கட்டும் சின்ன யூனிட், பெயின்ட் உரிந்திருந்தது. எனக்குக் கனமானதன் மேல்தான் கண்.

"தம்பி, கேக்கப் போறது தங்கச்சிதானே? அவங்களே சொல்லட்டும்" என்றார் நானா.

தவமணியைத் தெருவைப் பார்த்து உட்கார வைத்தோம். நானா உள்ளே போய் மைக்கில் பேசினார். பெரிய டிரைவரில் அவள் பாதிச் சொற்களைத் தவறவிட்டாள். சின்னதை மாட்டியதும், "லுணுகலை பஸ் போயிருச்சு, சீனியும் பருப்பும் வாங்கணும்னு சொல்றாரு" என்றாள் திரும்பாமலே.

சின்னதையே எடுத்தோம்.

ஹோர்னை பஜாரில் தகரத்தில் அடிப்பித்தேன். மாட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தகரமும் சேர்ந்து கணகணத்தது. அதை அடக்கத்தான் தாரும் சாக்கும். மேலெல்லாம் தார் பூசி, சாக்கைச் சுற்றி, மறுபடி பூசி, காயவிட்டேன். தட்டிப் பார்த்தால் மரக்கட்டை போலச் சத்தம் வந்தது. கீழே தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி, அதற்குள் பழைய கோன்.

அவசரத்தில் ஒரு கண்டென்சரை விட்டுவிட்டேன். கனமான ஓசை டிரைவருக்குள் போகாமல் தடுப்பது அதுதான். ஒரு பாட்டுக்கூட முடியவில்லை. 'டப்' என்றது. தகடு கிழிந்துவிட்டது.

தவமணி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"விட்டுருங்க. நான் பழகிக்கிட்டேன்."

"நான் பழகிக்கல" என்றேன்.

அவளுக்குக் கேட்டிருக்காது. மறுநாள் காலை பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். மாற்றுத் தகடு எங்கேயும் இல்லை. சலீம் நானா வாடகைக்கு விடும் தன் சொந்த செட்டை இறக்கி, அதிலிருந்த டிரைவரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கல்யாண சீசன் வரக்குள்ள எனக்கு ஒன்னு தேடிக் குடுங்க. இப்ப இதக் கொண்டு போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த முறை கண்டென்சரைத்தான் முதலில் பற்றவைத்தேன். தவமணியை ஹோர்னுக்கு முன்னால் உட்கார வைத்து, மைக்கோடு கலாவை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லு."

"அம்மா... நாம எப்ப யயில்ல போவோம்? அப்பா கூட்டிட்டுப் போக மாட்டேங்குயாயு."

அவளுக்குப் புரிந்ததா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். தவமணி எழுந்து நின்றிருந்தாள்.

"ஏங்க... இவளுக்கு 'ர' வரலியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலியே."

உண்மைதான். யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஊரே கேட்டுச் சிரித்த மழலையைப் பெற்றவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

பிறகு என்னைக் கவனிக்கவேயில்லை. "ரயில் சொல்லு... ரோசாப்பூ சொல்லு... ரொட்டி சொல்லு..." பிள்ளை அலுத்துப்போய் மைக்கைக் கீழே வைக்கும் வரை விடவில்லை. சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது தவமணியின் காதுக்குள் பயறு அளவில் ஒரு கருவி. பெட்டி வேண்டாம், மைக் வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம். கொழும்பிலிருந்து கலா வீடியோ காலில் பேசினால், அடுத்த வீட்டுக் குக்கர் விசில் முதல் எல்லாம் கேட்கிறது. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன்.

கலாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வருகிறது.

போனை வைத்த பிறகு தவமணி சில நாள் சொல்வாள்... "நல்லாத்தான் பேசுறா. அந்த 'யயிலு' மட்டும் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கெடச்சிருக்கலாம்ங்க."