அலன் வைத்த ஈயம்

வாழைச்சேனைக் கரையில் பிறந்து விமானத்துக்கு ஈயம் வைக்கப் போன முதல் மனிதர் அலன்தான். இதை மறுக்க நினைப்பவர்கள் அவருடைய மாமனார் நோபேட்டிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

கட்டுநாயக்காப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அலனுக்கு வேலை. விமானத்துக்குள் போகும் மின்சுற்றுப் பலகைகளில், குறுநொய் அளவான உதிரிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஈயம் உருக்கி ஒட்டுவார். ஈயம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒட்டியவரே தன் வேலையைச் சரியென்று சொல்லவும் கூடாது. வேலை தெரிந்த இன்னொருவர் பார்த்து ‘பாஸ்’ பண்ண வேண்டும். லீவில் வரும்போது இந்தச் சட்டங்களையும் பையில் மடித்து வைத்துக் கொண்டுவந்துவிடுவார். தான் போட்ட தேநீருக்குச் சீனி காணுமா என்று தானே சொல்ல மாட்டார். மனைவி ஷெரோன் ஒரு வாய் குடித்துத் தலையாட்ட வேண்டும்.

இந்த வருடம் கோயில் திருவிழா நோபேட்டின் பொறுப்பு. அலனும் லீவில் வந்திருந்தார். திருவிழாவுக்கு முந்தின மாலை ஆராதனையான வேஸ்பர் நாளன்று மத்தியானம், கோயில் மைக்குக்குச் சத்தம் கொடுக்கும் அம்பிளிபயர் பெட்டி ஊமையாகிவிட்டது. ஓட்டமாவடியில் ரேடியோ திருத்தும் இப்றாஹிம் நானாவைக் கூப்பிடுவோம் என்றார்கள். வழக்கமாக அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுப்பவர் அவர்தான். நோபேட் கையை உயர்த்தித் தடுத்தார்.

“என்ர மருமகன் பிளேனுக்கே ஒட்டுறவர். இந்தப் பெட்டிக்கு வெளியால ஆள் தேடுறீங்களா?”

சொன்னது ஊர் முன்னால். ஆராதனைக்கு முன் பெட்டி பேசாவிட்டால் இனி நோபேட் எங்கேயும் வாய் திறக்க முடியாது.

அலன் மூடியைக் கழற்றியதுமே பிழை தெரிந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி ஒட்டு விட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கிணற்றடிக் குழாயில் கட்டினார்.

“உடம்பில உள்ள கரண்ட் இறங்கோணும், மாமா.”

“கெதியா இறக்குங்க தம்பி, பாதர் வந்திட்டார்.”

நெல்லிக்காய் போலத் திரண்டிருந்த பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்குத்திக் கல் அளவில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பளபளத்தது.

“சரி, போடுங்க சுவிச்சை!”

“ஏலாது மாமா. ஒட்டின ஆள் பாஸ் பண்ணக் கூடாது.”

“அப்ப நான் பாஸ் பண்ணுறன்.”

“உங்களுக்கு வேலை தெரியாதே.”

ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தாலும் வேலை தெரிந்தவர் ஒருவர்தான். ஷெரோன் போனை எடுத்தாள். “இப்றாஹிம் நானா, அவசரமா ஒருக்கா வாங்க. ஒண்டும் செய்ய வேணாம், பாத்தாப் போதும்.”

மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய நானா, நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஈயம் காணாது, இன்னும் போடோணும்.”

“நானா, பிளேனுக்கு இதுதான் அளவு!”

“பிளேன் ஆகாயத்தால போறது. இது லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின்ல குலுங்கிக் குலுங்கி ஊர்வலம் போற பெட்டி. நான் பாஸ் பண்ண மாட்டன்.”

பாதர் உடுப்பு மாற்றத் தொடங்கிவிட்டார். நோபேட்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“தம்பி, பாஸ் ஆகாட்டி உங்கட கம்பனியில என்ன செய்யிறது?” என்று மருமகனைக் கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாத அலன் தலையைக் குனிந்தார். “பாக்கிறவர் சொன்னபடி திருப்பி ஒட்டோணும்.”

“மறுகா என்ன, ஒட்டுங்க!”

அலன் ஒட்டினார். “இன்னும் கொஞ்சம்” என்றார் நானா. ஒட்டினார். “இன்னும்.” ஈயம் பட்டாணியாகி, கொட்டைப்பாக்காகி, நெல்லிக்காயான பிறகுதான் நானா தலையாட்டினார்.

பெட்டி பேசியது. நோபேட் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, ஆற்றுக்கு அக்கரையும் கேட்க அறிவித்தார்: “ஒட்டினவர் என்ர மருமகன். பாஸ் பண்ணினவர் இப்றாஹிம் நானா. ரெண்டு பேருக்கும் நன்றி!”

கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து அலன் நெளிந்துகொண்டிருந்தார்.

“உங்கட பேரைத்தானே முதல்ல சொன்னவர். ஏன் முகம் இப்பிடி?” என்று ஷெரோன் கிசுகிசுத்தாள்.

“அந்த ஒட்டை ஆரும் படம் எடுத்தவங்களா?”

“இல்லையே.”

“பேஸ்புக்கில போடயில்லையே? கம்பனி ஆக்கள் கண்டா...”

“இல்லையெண்டுறன்!”

அதன் பிறகுதான் அலன் முழங்காலிட்டு, கண்ணை மூடி, மனதார ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.